க்ளாஸிக் எடிட்டரா ப்ளொக் எடிட்டரா? சைட்டைக் கையில குடுத்த பிறகு எது நிக்கும்

நம்மட கிழக்கிலங்கைப் பக்கத்துல வேர்ட்பிரஸ் எண்ட மென்பொருளால சைட் செய்து குடுக்கிற பொடியன்மார் அடிக்கடி கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு, "அண்ண, க்ளாஸிக் எடிட்டர் ப்ளக்இன்னைப் போட்டுக் குடுக்கிறதா, இல்லாட்டி கூடவே வாற ப்ளொக் எடிட்டரை அப்பிடியே விடுறதா?" எண்டு. க்ளாஸிக் எண்டது வேர்ட் மாதிரி ஒரே பெட்டியில எழுதுற பழைய எடிட்டர், இப்ப அதை ப்ளக்இன்னா, அதாவது மேலதிகமாப் போடுற துண்டு மென்பொருளாத்தான் போடணும்; ப்ளொக் எண்டது பந்தி, படம், அட்டவணை எல்லாத்தையும் தனித்தனித் துண்டா வைக்கிற புது எடிட்டர். நான் என்ட கையில இருந்த சைட் எல்லாத்தையும் ப்ளொக்குக்கு மாத்திட்டன், அதால நான் எந்தப் பக்கம் எண்டு ஒளிக்கத் தேவையில்ல. ஆனா க்ளாஸிக்கை விட மாட்டன் எண்டு நிக்கிற ஆக்கள்ட பேச்சிலயும் நியாயம் இருக்கு, அது எங்க இருந்து வந்தது எண்டு தெரியாம ரெண்டையும் ஒப்பிட்டா பாதிதான் விளங்கும்.

ப்ளொக் எடிட்டருக்கு ஆரம்பத்துல வச்ச பேர் குட்டன்பேர்க், அச்சு இயந்திரம் செய்த அந்த ஜேர்மன்காரர்ட பேர்தான். 2017 ஜூன்ல பாரிஸ்ல நடந்த வேர்ட்கேம்ப் யூரோப் எண்ட வேர்ட்பிரஸ் மாநாட்டுல, வேர்ட்பிரஸைத் தொடங்கினவர்கள்ல ஒருத்தரான மெட் முலன்வெக் அதைக் காட்டினார், அந்த நேரமே ப்ளக்இன்னாவும் வெளியில விட்டாங்க, ஆரெண்டாலும் போட்டுப் பாத்து கருத்துச் சொல்லலாம் எண்டு. சொன்னாங்க பாருங்க கருத்து! ஐந்து நட்சத்திரத்துக்கு மூணு நட்சத்திரத்தையே எட்டாமக் கிடந்தது அதுட மதிப்பு, கீழ ஒரு நட்சத்திரம் குடுத்த ஆக்கள் பந்தி பந்தியா எழுதி வச்சிருந்தாங்க. ஒவ்வொரு பந்தியும் தனித்தனிப் பெட்டியா நிண்டா கட்டுரை எழுதுற ஓட்டமே போகுது, மவுஸ் கொஞ்சம் அசைஞ்சா டூல்பார் வந்து முன்னால நிக்குது, மற்ற ப்ளக்இன்ட மெட்டா பொக்ஸ் (விலை, இடம் மாதிரி மேலதிக விபரம் போடுற பெட்டி) ஒண்டையும் காணல்ல, இதுதான் முக்கியமான முறைப்பாடுகள். மெட்டா பொக்ஸ் விசயம் சின்ன விசயமில்ல, செய்திச் சைட், வீடு காணி விக்கிற சைட் எல்லாம் அதுலதான் ஓடுது, அது இல்லாட்டி அந்தச் சைட்டுக்கு எடிட்டரே இல்லாத மாதிரி.

அதுக்குள்ள லைசன்ஸ் பிரச்சினை வேற. குட்டன்பேர்க் ரியக்ட்ல கட்டினது, ரியக்ட் எண்டது ஃபேஸ்புக் செய்த நிரல் தொகுப்பு, அதுட லைசன்ஸ்ல ஃபேஸ்புக் காப்புரிமை (பேட்டன்ட்) சம்பந்தமா ஒரு பிரிவைச் சேத்து வச்சிருந்தது, அதால ரியக்டையே விடுறம் எண்டு 2017 செப்டம்பர்ல முலன்வெக் அறிவிச்சார், அந்த மாசம் முடிய முதலே ஃபேஸ்புக் அந்தப் பிரிவு இல்லாத எம்ஐடி லைசன்ஸுக்கு இறங்கி வந்தது. ஓப்பன் சோர்ஸ் ஆக்கள் ஒண்டாச் சத்தம் போட்டா பெரிய கொம்பனியும் கேக்கும் எண்டதுக்கு நான் இதைத்தான் உதாரணமாச் சொல்றன்.

கண் தெரியாத ஆக்கள் ஸ்கிரீன் ரீடரோட (திரையில உள்ளதை வாசிச்சுச் சொல்ற மென்பொருள்) பாவிக்க ஏலாமக் கிடக்குது எண்ட முறைப்பாடு அதையெல்லாம் விடப் பாரமானது. இப்பிடியான ஆக்களும் பாவிக்கக்கூடியதா இருக்குதா எண்டு பாக்கிற வேர்ட்பிரஸ்ட அணுகல்தன்மைக் குழுவை நடத்தின ரியன் ரீட்வெல்ட் 2018 ஒக்டோபர்ல விலகிட்டாங்க. வெளியீட்டுத் திகதியும் நவம்பர் 19, பிறகு நவம்பர் 27 எண்டு தள்ளித் தள்ளிப் போய், கடைசியா டிசம்பர் 6ஆம் திகதி ப்ளொக் எடிட்டரோட வேர்ட்பிரஸ் 5.0 வந்தது, அதையும் ஒரு சில நாளைக்கு முதல்தான் சொன்னாங்க. நத்தார் வியாபாரம் ஓடுற நேரம் எடிட்டரை மாத்தினா சைட் வச்சிருக்கிறவன் கோவப்படாம என்ன செய்வான். சில பேர் வேர்ட்பிரஸையே கிளாசிக்பிரஸ் எண்டு தனியாப் பிரிச்சு எடுத்துக்கொண்டே போயிட்டாங்க.

என்ட கருத்து என்னெண்டா, அந்தக் கோவம் சரி. அந்த நேரத்துப் பில்ட்டுக்கு அந்த மார்க்தான் குடுக்கலாம். ஆனா அந்தக் கோவத்தை இண்டைக்கு இருக்கிற எடிட்டர்ல தூக்கி வைக்கிறது சரியில்ல, ஏனெண்டா அண்டைக்குத் திட்டின விசயத்துல கனக்கத் திருத்தியாச்சு. மெட்டா பொக்ஸ் 5.0 வர முதலே வந்துட்டு. க்ளாஸிக் எடிட்டரைத் தனி ப்ளக்இன்னா வச்சிருக்கிறதும் அந்தச் சத்தத்தாலதான், 2021 முடியும் வரைக்கும் எண்டு சொல்லி வச்சதைப் பிறகு நீட்டினாங்க, 50 லட்சத்துக்கு மேல சைட்ல இப்பவும் ஓடுது.

சரி, இப்ப ஒப்பீட்டுக்கு வருவம். க்ளாஸிக்ட நல்ல பக்கம் எல்லாருக்கும் தெரியும்: பழைய லெப்டொப்லயும் கெதியாத் திறக்கும், வேர்ட் தெரிஞ்ச ஆளுக்கு ஒண்டும் படிப்பிக்கத் தேவையில்ல, நீளமா எழுதுற ஆளுக்கு நடுவுல ஒண்டும் குறுக்க வராது. ப்ளொக் எடிட்டர் முதல் தரம் திறக்கக்குள்ள சுணங்கும், சிக்னல் இல்லாத இடத்துல இன்னும் சுணங்கும். தமிழ்ல தலைப்புப் போட்டா லிங்க் நீளமாகி ஏறக்குறைய 22 எழுத்துக் குறியோட வெட்டுப்படுற பிரச்சினை ரெண்டிலயும் ஒண்டுதான், அது டேட்டாபேஸ்ல 200 எழுத்துக்குத்தான் இடம் வச்சிருக்கிறதால வாறது, எடிட்டர்ட குற்றமில்ல. பாமினி எண்ட பழைய எழுத்துருவுல அடிச்சதைக் கொப்பி பண்ணி ஒட்டினா ரெண்டிலயும் குப்பைதான் வரும், முதல்ல யூனிகோடுக்கு மாத்தித்தான் ஆகணும்.

நான் தீர்மானம் எடுத்தது ஒரே ஒரு விசயத்தை வச்சுத்தான். சைட்டைக் கையளிச்ச பிறகு ஆர் பாக்கப்போறது?

நம்மட பக்கத்துக் கஸ்டமர் ஆரெண்டு பாருங்க. படுவான்கரையில ஒரு அம்மன் கோயில், மருதமுனையில கைத்தறிச் சாரம் விக்கிற கடை, அறுகம்பேயில ஆறு ரூம் உள்ள கெஸ்ட் ஹவுஸ், ஒரு பழைய மாணவர் சங்கம். இதுல ஒரு இடத்துலயும் கொம்பியூட்டருக்கெண்டு சம்பளத்துக்கு ஆள் இல்ல. மாசாமாசம் பராமரிப்புக் காசு தரவும் மாட்டாங்க, அதுல குறை சொல்லவும் ஏலாது, கோயில் காசு கோயிலுக்குத்தான். அப்ப கணக்குப்பிள்ளைட மகளோ, கடையில நிக்கிற பொடியனோ ஃபோன்ல திறந்து ஒரு நேரத்தையோ விலையையோ மாத்துவாங்க. அந்தக் கை பட்ட பிறகும் பக்கம் உடையாம நிக்கணும். எனக்கு வேகம், வடிவு எல்லாம் இதுக்குப் பிறகுதான்.

கோயிலைப் பாருங்க. வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு. கதவு திறக்கிற நாள், கல்யாணக்கால் நடுற நாள், திருக்குளிர்த்தி, எந்த நாள் எந்தக் குடிக்கு (வம்சத்துக்கு) எண்டு ஒரு அட்டவணை போடணும். க்ளாஸிக்ல அட்டவணைக்கு பட்டனே இல்ல, தனி ப்ளக்இன் போடணும், இல்லாட்டி வேர்ட்ல செய்து ஒட்டணும். வேர்ட்ல செய்தா ஒவ்வொரு கட்டத்துக்கும் அகலம் நிரந்தரமா எழுதுப்பட்டு வரும், கொம்பியூட்டர்ல வடிவா நிக்கும், ஃபோன்ல பாத்தா பாதி வெளியில. சடங்குக்கு வாற சனம் பாக்கிறது ஃபோன்லதான். வண்ணக்கர் (கோயில் நிருவாகி) ஃபோன் எடுத்து "தம்பி, திருக்குளிர்த்தி நேரம் மாறிட்டு, ஆனா தொட்டா எல்லாம் கலையுது" எண்டு சொல்றது வருசா வருசம் நடக்கிறது. ப்ளொக்ல அட்டவணைக்கெண்டே ஒரு ப்ளொக் இருக்கு, ஃபோன்ல இடம் போதாட்டி அது மட்டும் பக்கவாட்டுல ஓடும், மத்தது அசையாது. கட்டத்தைத் தொட்டு நேரத்தை மாத்தி அப்டேட் அமத்தினாச் சரி. அதோட 2022 மே மாசம் வந்த 6.0ல இருந்து ஒரு ப்ளொக்கை அசைக்கவும் அழிக்கவும் ஏலாத மாதிரிப் பூட்டி வைக்கலாம். நான் மேல உள்ள படம், கீழ உள்ள மெப், வங்கிக் கணக்கு விபரம் எல்லாத்தையும் பூட்டிட்டு அட்டவணையை மட்டும் திறந்து விடுறன். தெரிஞ்ச ஆள் பூட்டைத் திறக்கலாம், அது உண்மை, ஆனா தெரியாமக் கை பட்டு அழியிறது நிண்டுட்டு, நமக்கு அதுதானே தேவை.

கெஸ்ட் ஹவுஸ்ல வேற மாதிரி. அறுகம்பேயில சீசனுக்கு ஒரு விலை, சீசன் முடிய ஒரு விலை, ஃபோன் நம்பரும் அடிக்கடி மாறும். ரூம் பக்கம், சர்ஃபிங் பக்கம், குமண சஃபாரி பக்கம் எண்டு எல்லாத்துக்குக் கீழயும் அதே விலைப் பெட்டியும் நம்பரும் வரணும். க்ளாஸிக்ல பக்கம் பக்கமாப் போய் மாத்தணும், ஒண்டுல விட்டுப்போனா வெள்ளைக்காரன் பழைய விலையைக் காட்டி நிப்பான், இல்லாட்டி ஷோர்ட்கோட் (சதுர அடைப்புக்குறிக்குள்ள போடுற சின்னக் கட்டளை) எழுதிக் குடுக்கணும், அதை முதலாளி திறந்து மாத்தப்போறதில்ல. ப்ளொக்ல அந்தப் பெட்டியை ஒருக்காச் செய்து சேமிச்சு வச்சா ஒரு இடத்துல மாத்த எல்லா இடத்துலயும் மாறும். 5.0லயே இருந்த வசதிதான் இது, 2023 ஓகஸ்ட்ல 6.3 வரக்குள்ள சிங்க்ட் பட்டர்ன் எண்டு பேரை மாத்தினாங்க. இந்த ஒரு வசதிக்காகவே மாறலாம் எண்டு நான் சொல்லுவன். விலை மாத்த வேணும் எண்டு முதலாளி எனக்கு ஃபோன் எடுக்கிறது நிண்டே போயிட்டு.

இன்னொரு விசயத்தையும் இதோடயே பாக்கணும், விட்டுட்டுப் போனா என்ன மிஞ்சும் எண்டது. இப்ப கனபேர் ரெண்டையும் விட்டுட்டு பேஜ் பில்டருக்குப் போறாங்க, இழுத்து வைக்கலாம், வடிவா வரும், அதெல்லாம் சரி. ஆனா சிலதுல எழுதினது எல்லாம் அதுட சொந்த ஷோர்ட்கோட்டுக்குள்ள போய்க் கிடக்கும். ஆரோ செய்து குடுத்த சைட் ஒண்டு என்கிட்ட வந்தது, லைசன்ஸ் காசு கட்டல்ல, ப்ளக்இன்னைக் கழட்டினா பக்கம் முழுக்க சதுர அடைப்புக்குறி, அதுக்குள்ள ஒரு சொல் அங்க ஒரு சொல் இங்க. ப்ளொக் எடிட்டர் சாதாரண எச்டிஎம்எல்லாத்தான் சேமிக்கும், எந்த ப்ளொக் எங்க தொடங்குது முடியுது எண்டதை எச்டிஎம்எல் கொமெண்ட்டா எழுதி வைக்கும், பிரவுசர் அதைக் காட்டாது. நாளைக்கு எடிட்டரையே நிப்பாட்டினாலும் அட்டவணை அட்டவணையா, படம் படமா நிக்கும். க்ளாஸிக்கும் இந்த விசயத்துல நல்லதுதான், படத்துக்குக் கீழ எழுதுற கப்ஷன், படத் தொகுப்பு மாதிரிச் சிலது மட்டும் ஷோர்ட்கோட்டா இருக்கும். 2017ல திட்டின ஆக்கள்ல சில பேர் அந்தக் கொமெண்ட்டையும் "குப்பை" எண்டாங்க. எனக்கு அது குப்பையாத் தெரியல்ல, விட்டுட்டுப் போறவனையும் மறிக்காத சேமிப்பு முறை அது.

நான் அடிச்சுச் சொல்லாத இடமும் இருக்கு. ஸ்கிரீன் ரீடர் விசயம்: வேர்ட்பிரஸ் பாவிக்கிற பல்கலைக்கழக ஆக்கள் காசு சேத்து வெளி ஆளை வச்சு ஒரு பரிசோதனை செய்து 2019 மே மாசம் அறிக்கை விட்டாங்க, அதுக்குப் பிறகு கனக்கத் திருத்தினாங்க. ஆனா என்ட கஸ்டமர்ல கண் தெரியாம எழுதுற ஆள் ஒருத்தரும் இல்ல, அதால இப்ப சரியாயிட்டு எண்டு நான் சான்றிதழ் குடுக்கமாட்டன், அப்பிடி ஒரு ஆள் எழுதப்போறார் எண்டா அவரை இருத்தி ரெண்டையும் பாவிக்க விட்டுக் கேளுங்க. தலை, கால் எல்லாத்தையும் ப்ளொக்காலயே செய்யிற சைட் எடிட்டர் 2022 ஜனவரியில 5.9ஓட வந்தது, அதையும் நான் கோயில் சைட்டுக்கு மட்டும்தான் போட்டிருக்கன், பெரிய கடைச் சைட்டுக்குத் தாங்குமா எண்டு என்ட அனுபவம் போதாது.

ஒரு இடத்துல நான் இப்பவும் க்ளாஸிக்தான் சொல்லுவன். நாளுக்கு இத்தனை செய்தி எண்டு போடுற சைட், ரெண்டு மூணு பேர் இருந்து எழுத்தை மட்டும் அடிச்சுத் தள்ளுறாங்க, ஒரு படம், ஒரு தலைப்பு, அவ்வளவுதான் எண்டா அங்க ப்ளொக்கால லாபம் குறைவு, சுணக்கம்தான் மிச்சம். பழகின கையைக் குழப்பாதீங்க.

மாறப்போற ஆக்களுக்கு வேலை இப்பிடித்தான். பழைய பக்கத்தை ப்ளொக் எடிட்டர்ல திறந்தா முழுக்க ஒரே ஒரு க்ளாஸிக் ப்ளொக்கா நிக்கும், ப்ளொக்கா மாத்துற பட்டனை அமத்தும் வரைக்கும் உள்ள இருக்கிறது ஒண்டும் மாறாது, அதால பயப்படத் தேவையில்ல. முதல்ல பெக்கப் எடுங்க. மறுகா சனம் கூடப் பாக்கிற பக்கத்துல தொடங்கி ஒவ்வொண்டா மாத்துங்க, மாத்தினதும் கப்ஷன் உள்ள படத்தையும் வேர்ட்ல இருந்து ஒட்டின அட்டவணையையும் ஃபோன்ல ஒருக்காப் பாருங்க, இடம் மாறினா அங்கதான் மாறும். ஒரே பக்கத்தை இண்டைக்கு க்ளாஸிக்ல, நாளைக்கு ப்ளொக்ல எண்டு திருத்த விடாதீங்க, உள்ளடக்கம் பொருந்தல்ல எண்டு ப்ளொக் மறிச்சு நிக்கும், அதைப் பாத்துத்தான் கனபேர் எடிட்டர் உடைஞ்சிட்டு எண்டு நினைக்கிறாங்க. ஆர்ட சைட்டோ அந்த ஆளைப் பக்கத்துல வச்சுக்கொண்டே ஒரு பக்கத்தை மாத்திக் காட்டுங்க, மற்றப் பக்கத்தை அவங்களையே மாத்த விடுங்க.