கதையின் காலம் வேறு, படத்தின் காலம் வேறு

பவானியில் இருக்கும் நண்பர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார். "அண்ணா, நீங்கள் பயன்படுத்துகிற அந்தத் திரைப்படத் தகவல் தளத்துக்கு நானும் சந்தா கட்டட்டுமா? குறிச்சொற்களையெல்லாம் ஒழுங்கு செய்துவிட்டார்களாமே?" கட்டுங்கள் என்ற சொல் நுனிநாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் இருபது பேர் சேர்ந்து மாதம் ஒரு பழைய படம் போட்டுப் பார்க்கிறோம். என்ன படம் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. நான்கு ஆண்டுகளாக அதற்கு இந்தத் தளத்தையே நம்பியிருக்கிறேன். நடிகர்கள், பாடல்கள், படத்தின் நீளம் போன்றவை எந்தத் தளத்திலும் கிடைக்கும். அவற்றில் எனக்குக் குறையும் இல்லை, பேச்சும் இல்லை. வகையையும் காலத்தையும் சொல்லும் குறிச்சொற்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒழுங்கு செய்வதற்கு முன்பு அது சந்தை முடிந்த திடல் மாதிரி கிடந்தது. 'சரித்திரம்', 'சரித்திரப் படம்', 'வரலாறு', 'வரலாற்றுப் படம்', 'ஹிஸ்டாரிக்கல்' என்று ஐந்து பெட்டிகள். தன்னார்வலர்கள் அவரவருக்குப் பழகிய சொல்லைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றில் தேடினால் மற்ற நான்கில் இருப்பது வராது. ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். '1950கள்' என்று ஒன்று, '1951–60' என்று இன்னொன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி' 1950இல் வந்தது. முதல் பெட்டியில் தேடியவருக்குக் கிடைத்தது, இரண்டாவதில் தேடியவருக்குக் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது 'கௌபாய்'. ஒருமுறை எங்கள் குழுவில் ஜெய்சங்கரின் குதிரைப் படங்களைப் போடலாம் என்று பேச்சு வந்தது. தேடினேன். கர்ணன் இயக்கிய 'கங்கா' (1972) பட்டியலில் இல்லை. படத்தின் பக்கத்தைத் திறந்தால் 'கௌபாய்' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஒரு மாலை முழுவதும் குழம்பினேன். கடைசியில் அந்தச் சொல்லை எடுத்து, எழுத்து எழுத்தாக அழித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒருவர் ஔகாரக் குறியைப் போட்டு 'கௌ' என்று அடித்திருக்கிறார். இன்னொருவர் 'கெ' அடித்து அதன் பக்கத்தில் 'ள' அடித்திருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். 'ஸ்ரீ' என்ற எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. யூனிகோடில் அதை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், ஶகரத்தை வைத்தும் எழுதலாம், திரையில் பெரும்பாலும் ஒரே உருவம்தான் தெரியும். சாமிப் படங்களைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் 'இல்லை' என்ற பதிலை நம்பி எழுந்து போயிருப்பார்கள் என்று நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

இதைச் சரிசெய்துவிட்டார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு சொல்லைத் தலைச்சொல்லாக வைத்து, மற்ற வடிவங்களையெல்லாம் அதற்குத் திருப்பியிருக்கிறார்கள். நூலகத்தில் நாங்கள் அட்டை எழுதிய காலத்தில் 'காண்க' என்று குறித்து வைத்த அதே வேலை. இப்போது எந்தக் 'கௌ' அடித்தாலும் 'கங்கா' வருகிறது. அன்றிரவு அதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எழுத்துக்கு எழுத்து உட்கார்ந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். அந்த உழைப்பு எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் மாதப் படத்தைத் தேடும்போதுதான் வயிறு எரிந்தது.

விடுதலைக்கு முந்தைய காலத்தில் நடக்கும் கதையாக ஒன்று போடலாம் என்று முடிவு செய்திருந்தோம். 'விடுதலைக்கு முன்' என்ற புதிய தலைச்சொல்லைச் சொடுக்கினேன். 'சபாபதி' (1941) வந்தது. சின்னப்பா நடித்த 'உத்தம புத்திரன்' (1940) வந்தது. 1947க்கு முன் வெளியான படங்களாக வந்துகொண்டே இருந்தன. 'கப்பலோட்டிய தமிழன்' வரவில்லை. அது 1961இல் வெளியான படம், ஆகவே '1960கள்' என்று முத்திரை குத்தி அங்கே வைத்துவிட்டார்கள். வ.உ.சி. 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையில் இருந்தார். செக்கிழுத்தது அங்கேதான். கோவை மண்ணில் அவர் பட்ட பாட்டைச் சொல்லும் படம், கோபியில் உட்கார்ந்து விடுதலைக்கு முந்தைய கதையைத் தேடுகிறவனுக்குக் கிடைக்கவில்லை. 'பராசக்தி'யும் இல்லை. 1952இல் வந்த படம்தான், ஆனால் கதை நடப்பது இரண்டாம் உலகப் போரின்போது. ரங்கூனிலிருந்து மக்கள் ஓடிவருவதைக் காட்டும் படத்தை விடுதலைக்குப் பின் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. பழைய குழப்பத்தில் 'கப்பலோட்டிய தமிழன்' பக்கத்தில் யாரோ ஒரு நல்லவர் '1900களில் நடக்கும் கதை' என்று எழுதியிருந்தார். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒழுங்கு செய்கிறோம் என்று அதையும் வெளியான ஆண்டோடு சேர்த்துக் கரைத்துவிட்டார்கள். குப்பையைக் கூட்டும்போது கீழே கிடந்த தாலிக்கொடியையும் சேர்த்து அள்ளிப் போட்டது போல.

இது புதிய சிக்கலும் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையைப் படித்துத்தான் என் தலைமுறை நூலகர்கள் வேலைக்கு வந்தோம். அதில் காலம் என்பது தனி முகம், அதாவது தனியாகக் குறிக்க வேண்டிய ஒரு கூறு. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு 'L', இருபதாம் நூற்றாண்டுக்கு 'N' என்று ஆங்கில எழுத்தில் குறியீடு. 1799இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனைப் பற்றி 1959இல் ஒரு புத்தகம் வந்தால், அவர் வாழ்ந்த காலத்துக்கான 'L' பொருள் எண்ணில் வரும். புத்தகம் அச்சான ஆண்டு நூல் எண்ணில் வரும். இரண்டும் ஒரே முதுகுச் சீட்டில், ஆனால் வேறு வேறு இடத்தில். ஒன்று மற்றொன்றை விழுங்காது. புத்தகத்துக்குச் செய்ததை அதே 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்குச் செய்யக் கூடாதா? இரண்டு கட்டங்கள் போதும். கதை நடக்கும் காலம் ஒன்று, படம் வெளியான காலம் ஒன்று.

முதல் கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களை எழுதவும் இடம் வேண்டும். இப்போது ஒரு படத்துக்கு ஒரு காலம்தான் என்று கட்டியிருக்கிறார்கள். 'நாயகன்' கதையில் ஒரு சிறுவன் பம்பாய்க்கு ஓடிவந்து, வளர்ந்து, பேரன் எடுக்கும் வரை போகிறது. 2010இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' 1279இல் தொடங்கி நம் காலத்துக்குத் தாவுகிறது. இவற்றை எந்த ஒற்றைப் பெட்டியில் அடைப்பது?

வகையில் நடந்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, எழுதப் படிக்கத் தெரியாதவர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டென்ட் கொட்டகைக்குப் போவார். படம் எப்படி என்று யாராவது கேட்டால் 'சாமிப் படம்', 'ராஜா ராணிப் படம்', 'குடும்பப் படம்', 'சண்டைப் படம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். கேட்டவருக்கும் புரிந்துவிடும். அது ஒரு பகுப்பு முறைதான். இந்தத் தளத்தின் புதிய பட்டியலில் 'ராஜா ராணிப் படம்' இல்லை. அவ்வளவையும் 'வரலாறு' என்ற தலைச்சொல்லின் கீழே கொட்டிவிட்டார்கள். 'மந்திரி குமாரி' குண்டலகேசிக் கதையை ஒட்டி எழுதியது. அந்த அரசன் எந்தக் கல்வெட்டில் இருக்கிறான்? 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) கூட இப்போது வரலாறு. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த 'ராஜகுமாரி' (1947), எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம், அதுவும் வரலாறு. சேலத்திலும் கோவையிலும் அரண்மனை செட் போட்டு எடுத்த படங்களுக்கு மக்கள் வைத்த பெயர் 'ராஜா ராணிப் படம்'. அந்தப் பெயரைத் தூக்கிவிட்டால் கொங்கு நாட்டு ஸ்டுடியோக்கள் என்ன செய்தன என்று எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? 'மந்திரி குமாரி'க்குத் திருத்தம் அனுப்பினேன். பட்டியலில் இல்லாத சொல்லை ஏற்க முடியாது என்று பதில் வந்தது. பட்டியலில் சேருங்கள் என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாமக்கல் கவிஞர் எழுதிய கதையைக் கோவை பட்சிராஜா 1954இல் 'மலைக்கள்ளன்' என்று எடுத்தது. அதே கதை தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று ஐந்து மொழிகளுக்குப் போனது. ஆறு பக்கங்களிலும் ஆறு விதமான வகை இருந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் 'சாகசம்' என்று பொதுவாக ஒன்று வைத்து, இந்திப் படத்துக்கு மட்டும் 'நகைச்சுவை'யையும் சேர்த்திருக்கிறார்கள். திலீப்குமார் அதில் சிரிக்கச் சிரிக்க நடித்திருப்பார். படத்தைப் பார்த்தவர் செய்த வேலை அது. இவ்வளவு நுட்பம் தெரிந்தவர்கள் காலத்தில் மட்டும் ஏன் இப்படிக் கோட்டை விட்டார்கள் என்று எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நண்பருக்கு என் பதில்: சந்தா கட்ட வேண்டாம். கதையின் காலத்துக்குத் தனிக் கட்டம் வரும் வரை பொறுங்கள். தேடல் முன்பைவிடப் பத்து மடங்கு நன்றாக இருக்கிறது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன், உண்மைதான். ஆனாலும் வேண்டாம். நான் அடுத்த ஆண்டுக்கும் கட்டிவிட்டேன். திருத்தம் அனுப்ப உள்ளே ஒருவராவது இருக்க வேண்டும். உங்களுக்குப் படம் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். நீள நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டு, இடப்பக்கம் கதை நடக்கும் காலமும் வலப்பக்கம் படம் வந்த ஆண்டுமாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். இன்று காலை வரை 212 படங்கள் ஆகியிருக்கின்றன. ஆகஸ்டில் 'கப்பலோட்டிய தமிழன்' போடுகிறோம், நீங்களும் வாருங்கள்.