பாம்பு சட்டை உரிக்க: தெளிப்பானா, குளியலா, ஈரப் பெட்டியா?

போன வருடம் மாசிக் கடைசியில் காரியின் சட்டை ஏழு துண்டாக உரிந்தது. வால் நுனியில் மோதிரம்போல ஒரு வளையம் ஒட்டிக்கொண்டது. இடது கண்ணை மூடியிருக்கும் பழைய கண்ணாடித் தோல் கழலாமல் அப்படியே நின்றுவிட்டது. காரி எங்கள் ஈரோட்டு வீட்டில் நான்கு வருடமாக இருக்கும் பால் பைத்தான் பாம்பு. கறுத்த முதுகைப் பார்த்துக் காங்கேயம் மாட்டுக்கு வைக்கிற பெயரை வைத்தேன். பெயரிலுள்ள ‘பால்’ ஆங்கிலப் பந்து; பயந்தால் தலையை உள்ளே ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அம்மாயிக்கு இது பிடிபடவே இல்லை. வரும்போதெல்லாம் “பால் வைத்தாயா கண்ணு?” என்று கேட்கிறார். பாலைச் செரிக்கும் வயிறு பாம்புக்கு இல்லை என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

(சாரை, மலைப்பாம்பு என்று நம் நாட்டுப் பாம்புகளை வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. அதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும்.)

அந்த ஏழு துண்டுக்குப் பிறகு, ஒரு வருடத்தில் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஈரப் பெட்டி, அதாவது ஈரத் தூள் போட்டுக் கூண்டுக்குள் வைக்கும் மூடிய டப்பா.

சட்டை உரிக்கும் அறிகுறிகள் பாம்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்தவைதான். நிறம் மங்கும், வயிறு இளஞ்சிவப்பாகும், கண் நீலம் பாரிக்கும். பிறகு கண் தெளியும். அதிலிருந்து சில நாளில் சட்டை கழலும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஊறும் நீரால்தான் கண் அப்படி மங்குகிறது. காற்று வறண்டிருந்தால் பழைய தோல் விறைத்துப்போய்த் துண்டு துண்டாகக் கிழிகிறது. மாசி முதல் வைகாசி வரை எங்கள் ஊர்க் காற்றில் அப்பளத்தை வெளியே வைத்தால் நமுத்துப்போகாது. காரி இருக்கும் அறையில் மதிய வேளையில் ஈரப்பத மானி 30 சதவீதத்தைத் தாண்டாது. இந்தப் பாம்புக்குச் சாதாரண நாளிலேயே 55, 60 வேண்டும். சட்டை உரிக்கும்போது இன்னும் கூடுதலாக வேண்டும்.

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது தெளிப்பான். சித்திரை உரிப்புக்கு நானும் செடிக்கு அடிக்கிற பாட்டிலைத்தான் எடுத்தேன். அடித்தவுடன் மானி 80 காட்டும், மனம் குளிரும். கூண்டுக்கு மேல்மூடி வலை, அதற்கு மேல் ஓயாமல் ஓடும் மின்விசிறி. ஒரு மணி நேரத்தில் மறுபடி 40. நானும் மறுபடி அடிப்பேன். காற்று காய்ந்துகொண்டே இருந்தது, தரை மட்டும் காயவே இல்லை. பத்தாம் நாள் வயிற்றுச் செதில்களில் பழுப்புத் திட்டு. ஈரத்திலேயே படுத்துக் கிடந்தால் வரும் செதில் அழுகலின் தொடக்கம் என்றார் மருத்துவர். சட்டை என்னவோ இரண்டே துண்டாக வந்தது. ஆனால் திட்டு முழுதாக மறைய இன்னும் இரண்டு உரிப்பு ஆனது.

ஆனி மாதம் குளியல். மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா, வெதுவெதுப்பான தண்ணீர், பாம்பின் பாதி உடம்பு நனையும் அளவு, இருபது நிமிடம், பக்கத்திலேயே ஆள். ஒட்டிக்கொண்ட துண்டைக் கழற்ற இதை மிஞ்ச வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாசியில் வால் வளையத்தை எடுத்ததும் இப்படித்தான்: ஊறவைத்து, ஈரத் துவாலைக்குள் காரியைத் தானாக நுழைந்து போகவிட்டேன், மூன்றாம் முறை வளையம் துவாலையோடு வந்துவிட்டது. அந்த வளையத்தைச் சும்மா விட்டால் இறுகி, ரத்த ஓட்டம் நின்று, வால் நுனியே காய்ந்து போகலாம். ஆனால் ஒட்டாமல் தடுப்பதற்குக் குளியலை நம்புவது வீண் வேலை. இருபது நிமிட ஈரம் அடுத்த இருபத்து மூன்றரை மணி நேரத்துக்கு என்ன செய்யும்? கண் மங்கிய நேரத்தில் பாம்புக்குப் பார்வையும் சரியாக இருக்காது, தொட்டாலே திடுக்கிடும். அதைப் போய்த் தினமும் தூக்கித் தண்ணீரில் விட்டால் மிரளாமல் என்ன செய்யும்? காரி மூக்கால் மூடியை முட்டிக்கொண்டே இருந்தது. போதாததற்கு, இரண்டு முறை தண்ணீரிலேயே மலம் கழித்தது.

இந்தப் பாம்பின் சொந்த ஊரான மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் வெயிலுக்குக் குறைவில்லை. பகலில் இந்தப் பாம்பு எலி வளையிலும் கரையான் புற்றிலும் போய்ப் படுத்துக்கொள்கிறது. வெளியே வறட்சி, உள்ளே ஈரம்; வேண்டும்போது உள்ளே போகலாம், போதுமென்றால் வெளியே வரலாம். இது உறைத்த பிறகுதான் கூண்டு முழுவதையும் நனைக்கிற வேலை எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. ஒரு புற்று கட்டிக் கொடுத்தால் போதும்.

புற்றுக்கு ஆன செலவு ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. பாம்பு சுருண்டு படுத்தால் பக்கச் சுவர்கள் உடம்பைத் தொடும் அளவு இருந்தால் நல்லது. பக்கவாட்டில், தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில், பழைய கத்தியை அடுப்பில் காட்டி வட்டமாக ஒரு வாசல் அறுத்தேன். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, கீறாத வரைக்கும் உப்புத்தாளால் தேய்த்தேன். புதுத் தோல் அங்கே உரசித்தான் உள்ளே போகும், ஆகவே இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. உள்ளே நான்கு விரல் கனத்துக்குத் தேங்காய் நார்த்தூள். அது பொள்ளாச்சியில் மஞ்சி (தேங்காய் நார்) மில் வைத்திருக்கும் மாமா கொடுத்தது. “கழுவாத தூளை எடுக்காதே மாப்பிள்ளை, உப்பு இருக்கும்” என்று கழுவிய தூளாகவே ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார். நனைத்த தூளைக் கைப்பிடியாக எடுத்து அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. வடிந்தால் அதுவும் சேறுதான், செதில் அழுகல் பெட்டிக்குள்ளும் வரும். பெட்டியைக் கூண்டின் வெப்பப் பக்கத்தை ஒட்டி வைக்கிறேன். சூடேற்றியின் மேலேயே வைத்தால் உள்ளே வெந்துவிடும்.

நார்த்தூளுக்குப் பதில் ஸ்பாக்னம் பாசி போடுகிறவர்களும் உண்டு. பாம்பின் உடம்பில் ஒட்டாது, சுத்தமாக இருக்கும், விலைதான் அதிகம். நான் ஒரே ஒரு உரிப்புக்குத்தான் பாசி போட்டேன், சட்டை நன்றாகவே வந்தது. மாதக்கணக்கில் எப்படித் தாங்கும் என்று அந்த ஒரு அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

பெட்டியின் பக்கம் என்னைச் சாய்த்தது பராமரிப்புதான். தெளிப்பான் என்றால் தினமும் மூன்று நான்கு முறை, ஏறக்குறைய இரண்டு வாரம். குளியல் என்றால் தினமும் தண்ணீர் காய்ச்சி, காவல் இருந்து, டப்பாவைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பெட்டியில் கண் மங்கும் அன்று தூளை நனைத்து வைத்தால் ஐந்தாம் நாள் ஒரு அரை டம்ளர் தண்ணீர் தெளித்தால் போதும். சட்டை கழன்றதும் தூளைக் கொட்டிவிட்டுப் புதிது போட வேண்டும். நடுவில் பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தாலோ, உள்ளே கழித்திருந்தாலோ அன்றே கொட்ட வேண்டும். இந்தப் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடந்தோம். காரிக்குக் கண் மங்கியிருந்த நேரம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் நான்காம் நாள் திரும்பினேன். பெட்டி மூடியைத் திறந்தால், கழற்றிப் போட்ட ஈரக் காலுறைபோல உள்வெளியாகத் திரும்பி ஒரே சட்டை. தலைப் பக்கத்தை ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன்: இரண்டு கண்ணின் கண்ணாடித் தோலும் அதில் இருந்தன, வால் நுனியும் இருந்தது.

ஆவணியிலிருந்து பெட்டியில் ஐந்து உரிப்பு ஆகிவிட்டது, ஐந்தும் முழுச் சட்டை. எல்லாம் ஒரே ஒரு பாம்பின் கணக்கு. கார்ன் ஸ்னேக், போவா என்று வேறு வகைப் பாம்பு வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்டி இருந்தும் திரும்பத் திரும்பக் கிழிந்து வந்தால் உண்ணி, உடம்பில் நீர் குறைவு என்று வேறு காரணத்தைத் தேட வேண்டும். கண்ணில் நின்றுவிட்ட தோலை இடுக்கியால் பிடுங்கவே கூடாது, அடியில் இருக்கும் கண்ணே போய்விடும். காரியின் இடது கண்ணில் நின்றது சித்திரை உரிப்போடு தானாக வந்துவிட்டது. இரண்டாவது உரிப்பிலும் வராவிட்டால் மருத்துவர்தான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டபோது பெட்டியை நனைக்கவே தேவைப்படவில்லை. மூட்டையில் மிச்சம் இருந்த நார்த்தூளில் பாதியை அதற்குள் அம்மா மாடி ரோஜாத் தொட்டிகளுக்கு எடுத்துக்கொண்டார்.