பழைய ஆபீஸ் லேப்டாப்: நெட்வொர்க்கைத் தேடும் வியாதி

ஆபீஸ்களில் ஓடித் தேய்ந்த, நான் வைத்திருக்கும் இந்த லேப்டாப் மாடல் ஈப்போவில் 650 வெள்ளிக்கு (ரிங்கிட்) இறங்கிவிட்டதாம். "அண்ணே, நீங்க வச்சிருக்கீங்களே, எப்படி?" என்று சுங்கை சிப்புட்டில் என்னைக் கேட்காத ஆள் குறைவு. விலை ஏன் இறங்கியது என்பதில் மர்மம் இல்லை. ஏழாம் தலைமுறை இண்டெல். விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஆபீஸ்காரர்கள் மொத்தமாகத் தள்ளிவிடத்தானே செய்வார்கள்? ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்பதெல்லாம் கடை அட்டையிலேயே இருக்கும். நான் சொல்ல வந்தது அது காலையில் எழுந்திருக்கும் லட்சணத்தைப் பற்றி.

தோட்டத்துப் பெரட்டுக் களத்தை, காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தை, நினைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ என்ற சின்ன மென்பொருள், தோட்டத்துக் கணக்கர் கிராணி மாதிரி பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும். முதலில் யார் ‘இருக்கேன்’ என்கிறார்களோ, வேலை அவர்கள் கைக்குப் போகும். பூட் ஆர்டர் என்பது அந்தப் பட்டியல்தான். என் லேப்டாப்பில் முதல் பெயர் ஹார்ட்டிஸ்கும் இல்லை, பென்டிரைவும் இல்லை. நெட்வொர்க்!

பெரிய ஆபீஸில் இதற்கு அர்த்தம் உண்டு. ஐடி ஆட்கள் ஒவ்வொரு மெஷினாகப் பென்டிரைவ் செருகிக்கொண்டு திரியமாட்டார்கள். பிஎக்ஸ்இ என்ற முறையில் சர்வரிலிருந்து கேபிள் வழியாகவே விண்டோஸை ஏற்றிவிடுவார்கள். லைன் வீட்டில் சர்வருக்கு நான் எங்கே போவது? கேபிள் செருகாமல் இருந்தாலாவது ‘மீடியா இல்லை’ என்று சீக்கிரம் விட்டுத் தொலைக்கும். பின்னறைக்கு வைஃபை எட்டாததால் நான் ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்திருக்கிறேன். ரூட்டர் ஒரு ஐபி எண்ணைக் கொடுத்துவிடும், உடனே இதற்கு நம்பிக்கை பிறந்துவிடும். ஐபிவி4 என்ற பழைய எண் முறையில் சர்வருக்காகக் காத்திருக்கும். யாரும் வரவில்லையா, சரி என்று அதே கூத்தை ஐபிவி6 என்ற புது முறையில் முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான் அதற்குள் மைலோ கலக்கிக் குடித்து, மங்கையும் கழுவி வைத்துவிடுவேன்.

செட்டிங்கில் மாற்றிவிட்டால் போச்சு என்பீர்கள். மாற்றாமலா இருப்பேன்? அதற்குள் நுழைய டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 என்று ஆளுக்கொரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். பொத்தானைத் தட்டுவதற்குள் விண்டோஸ் வந்துவிட்டால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து அந்த வழியாகவும் போகலாம். ஹார்ட்டிஸ்கை மேலே ஏற்றினேன், சேமித்தேன், நன்றாகவே ஓடியது. அடுத்த இடி மழை வரைக்கும்.

இங்கே பொழுது சாயும் நேரத்து இடி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். முதல் இடிக்கே வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். லேப்டாப் பேட்டரி பேருக்குத்தான் இருக்கிறது, இரவுக்குள் காலி. அதற்குப் பிறகு கடிகாரத்தைக் காப்பாற்ற வேண்டியது உள்ளே உள்ள காசு பேட்டரி, அதாவது நாணயம் போல வட்டமான மூன்று வோல்ட் சிஆர்2032. அதுவும் செத்திருந்தது. மறுநாள் காலை தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும், பட்டியல் பழையபடி கம்பெனி வரிசைக்குத் திரும்பியிருக்கும். மறுபடியும் நெட்வொர்க். தேதி தப்பாக இருப்பதால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பேங்க் பக்கமும் திறக்காது. கோயில் கணக்கு என் கையில் இருக்கிறது. திருவிழா நேரத்தில் தலைவர் போன் மேல் போன் போடும்போது இந்த மெஷினைத் தூக்கி அல்லூரில் (சாக்கடையில்) போடலாமா என்று தோன்றியதுண்டு.

பட்டணத்துக் கடைத் தம்பி 30 வெள்ளிக்கு அந்தக் காசு பேட்டரியை மாற்றிக் கொடுத்தான். வெறும் காசு பேட்டரியை வாங்கிச் செருக முடியாது. இரண்டு ஒயரும் குட்டிக் கனெக்டரும் சேர்த்து உறை போட்டது வேண்டும். செட்டிங்கில் நெட்வொர்க் ஸ்டாக் என்ற, நெட்வொர்க்கிலிருந்து தொடங்க உதவும் வசதியையும் அணைத்துவிட்டேன். இப்போது இடி இடித்தாலும் வரிசை அசையவில்லை. நியாயமாகப் பார்த்தால் காசு பேட்டரி தேய்வது கம்பெனியின் குற்றம் இல்லை. ஆனால் ஆபீஸ் பொருளை வீட்டுக்கு விற்கிறவர் அந்த வரிசையைக்கூட மாற்றித் தராமல் விற்பது என்ன வியாபாரம்?

ஒரு சுகத்தையும் மறைக்கக் கூடாது. பட்டியலைத் தொடாமல், இந்த ஒரு தடவைக்கு மட்டும் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கும் தனி பூட் மெனு இதில் அருமை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் போல எதையாவது பென்டிரைவில் போட்டுச் சோதிக்க ஒரு பொத்தான் போதும். லினக்ஸ் மின்ட்டை அப்படித்தான் ஓட்டிப் பார்த்து, பிடித்துப்போய் உள்ளேயே ஏற்றினேன். பட்டியலில் அது, தான் பிறந்த இன்னொரு லினக்ஸான ‘உபுண்டு’வின் பெயரில் நிற்கும். யாரோ வேறு ஆள் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். இது மாதிரி விசைப்பலகையோ இன்றைய புது லேப்டாப் எதிலும் கிடைக்காது. கீல் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

இருந்தும் வாங்காதீர்கள். 650 வெள்ளிக்குமேல் புதுப் பேட்டரி, காசு பேட்டரி என்று செலவு ஏறும், வயிற்றெரிச்சல் தனி. கேட்கமாட்டேன் என்றால், காசு கொடுக்கும் முன் கடையிலேயே செட்டிங்கைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய ஆபீஸின் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் கேட்டால் வரிசையை நீங்கள் தொடவே முடியாது; இப்போதைய ஆபீஸ் மெஷின்களில் காசு பேட்டரியைக் கழற்றினாலும் அந்தப் பாஸ்வேர்ட் அழியாது. தேதி சரியா என்றும் பாருங்கள். கடைக்காரர் ‘அதெல்லாம் பார்க்கத் தேவையே இல்லண்ணே’ என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.