சான்றுள்ள டிஆர்வியா, சான்றில்லாத டிஆர்வியா?

தலோஜாவிலும் அம்பர்நாத்திலும் ரசாயனக் கிடங்குகளின் பராமரிப்பைக் கவனிக்கும் நம்மவர்கள், உதிரிபாகம் வாங்க மும்பை நாக்தேவி தெருவுக்குப் போகும்போது இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள். அடைபட்ட குழாயில் வெப்பத்தால் ஏறும் அழுத்தத்தை வெளியேற்றும் முக்கால் அங்குல டிஆர்வி (தெர்மல் ரிலீஃப் வால்வு), திறக்கும் அழுத்தத்துக்கும் பொருளுக்குமான சான்றோடும் கிடைக்கிறது. சான்றில்லாமல், வெகு மலிவாகவும் கிடைக்கிறது.

மலிவானதே போதும் என்பவரின் வாதத்தில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 100 மீட்டர் நீளமும் 100 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள குழாயில் ஏறத்தாழ 785 லிட்டர் டொலுவீன் என்ற கரைப்பான் அடைபட்டு நின்று, வெயிலில் 10 டிகிரி சூடேறினால், கூடுகிற கன அளவு எட்டரை லிட்டர்தான். அதை வெளியேற்ற எந்த முக்கால் அங்குல வால்வும் போதும் என்பதால், வெளியேற்றும் திறனுக்கான முத்திரை இந்த வேலைக்குப் பெரிதாகப் பயன்படுவதில்லை.

திறக்கும் அழுத்தத்தின் கணக்கு அப்படிப்பட்டதல்ல. அடைபட்ட டொலுவீனில் அழுத்தம் டிகிரிக்கு ஏறத்தாழ 10 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) ஏறும்; குழாய்களை இணைக்கும் 150 கிளாஸ் கார்பன் ஸ்டீல் ஃபிளாஞ்சின் அழுத்த வரம்போ சாதாரண வெப்பநிலையில் 20 பாருக்குச் சற்றுக் குறைவு. இரண்டே டிகிரியில் எட்டிவிடக்கூடிய வரம்பு அது. ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி 14 பாருக்கு அமைத்த வால்வு 3 சதவீதத்துக்குள், அதாவது 0.4 பார் முன்பின்னாகத் திறந்தாக வேண்டும்; சான்றில்லாததில் தகட்டில் பொறித்த எண்ணை நம்புவதைத் தவிர வழியில்லை.

மலிவு வால்வை வாங்கி, பட்டறையில் பாப் டெஸ்ட் செய்துகொள்வது, அதாவது அழுத்தத்தை ஏற்றி வால்வு எப்போது திறக்கிறது என்று பார்ப்பது, மூன்றாவது வழி. திறக்கும் அழுத்தம் அன்றைக்குச் சரியாக இருந்ததை அது காட்டும். உள்ளே இருக்கும் பொருள் என்னவென்று காட்டாது. எனக்குப் பெரிய கவலை இதில்தான். வால்வுக்குள் கசிவை அடைக்கும் ரப்பர் வளையத்தில், விட்டான், ஈ.பி.டி.எம். என்ற இரு வகை ரப்பர்களும் கறுப்பாக இருந்தால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அசிட்டோன் என்ற கரைப்பானில் விட்டான் ஊதிக் கெடும், டொலுவீனில் ஈ.பி.டி.எம். கெடும். உலோகத்தின் வகையைச் சொல்லும் எக்ஸ்ரே கருவி ரப்பரின் வகையைச் சொல்லாது. வளையம் கெட்ட வால்வு திறக்க வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொள்ளலாம், அல்லது ஓயாமல் கசிந்து தொட்டியிலிருக்கும் சரக்கில் வேறு சரக்கைக் கலந்துவிடலாம்.

ஆகவே குளிர்நீர்க் குழாய்க்குச் சோதித்த மலிவு வால்வை நான் ஏற்பேன். தீப்பிடிக்கும் கரைப்பானுக்கும் அமிலத்துக்கும் ஏற்க மாட்டேன். சான்றுள்ளதை வாங்கும்போதும், சான்றுத் தாளிலுள்ள ஹீட் எண் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) வால்வின் உடலிலும், வரிசை எண் தகட்டிலும் இருக்கின்றனவா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொருத்திய பிறகு, டிஆர்வியின் கீழுள்ள ஐசொலேஷன் வால்வை (குழாயிலிருந்து டிஆர்வியைத் துண்டிக்கும் அடைப்பு வால்வு) யாரும் மூடிவிடாதபடி திறந்த நிலையில் பூட்டி, சாவியை ஷிப்ட் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.