வேர்டிலிருந்து வலைத்தளத்துக்கு: ஆறு வருட ஒட்டு வேலை

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் இணைய இதழில் படைப்புகளை வலையேற்றும் வேலை ஆறு வருடமாக என் தலையில். மாதம் இருபது, இருபத்தைந்து வரும். கிட்டத்தட்ட எல்லாமே வேர்ட் கோப்புகள். "காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணப் போறீங்க, அதுக்கு எதுக்கு ரெண்டு நாள்?" என்று முதல் வருடம் ஆசிரியர் குழுவில் ஒருவர் கேட்டார். அடுத்த இதழை அவரையே ஏற்றச் சொன்னோம். அப்புறம் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, வெளியிடு. என் கணினியில் பார்த்தால் ஓரளவு ஒழுங்காகத்தான் இருக்கும். கைப்பேசியில் திறந்தால் ஒரு பத்தி பெரிதாக, அடுத்த பத்தி சிறிதாக, நடுவில் வரும் ஆண்டு எண்கள் மட்டும் வேறு எழுத்துருவில். இரவு முறையில் படித்த ஒருவர், கட்டுரையே தெரியவில்லை, வெறும் கறுப்புத்தான் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினார். எழுத்தின் நிறம் கறுப்பு என்று கோப்பிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பின்னணியும் கறுப்பானதும் எல்லாம் மறைந்துவிட்டது.

ஒருநாள் பொறுமையாக அந்தப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். தமிழ்ப் பகுதிக்கு ஓர் எழுத்துரு, எண்ணுக்கும் ஆங்கிலத்துக்கும் இன்னொன்று என்று வேர்ட் தனித்தனியாகக் குறித்துவைக்கும். அதனால் பத்து சொல் உள்ள ஒரு வாக்கியம் ஏழெட்டுத் துண்டாக உடைந்து, ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் எழுத்துருவும் அளவும் சொல்லும் ஒரு நிரல் உறை. தமிழுக்கு லதா, எண்ணுக்கு காலிப்ரி. லதா ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கிடையாது, அது தன்னிடம் இருக்கும் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். எண்ணிட்ட பட்டியல் இன்னும் வேடிக்கை. எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிக்காக, ஏழு புள்ளி அளவில் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் வரிசையாக உடையா இடைவெளிகள். வெறும் இடைவெளிக்கு எழுத்துரு!

வேர்டைக் குறை சொல்ல மாட்டேன். அது காகிதத்துக்காகப் பிறந்தது. தாளில் எது எங்கே விழ வேண்டும் என்பது அதற்குத் தெரிந்தாக வேண்டும், அந்தக் கணக்கை எல்லாம் கூடவே சுமந்து வருகிறது. வலைத்தளத்துக்கு அது தேவையில்லை.

சரி, எல்லோரும் சொல்லும் வைத்தியம் நோட்பேட். அதில் ஒட்டி, அங்கிருந்து எடுத்து வலைத்தளத்தில் ஒட்டினால் எழுத்து மட்டும் வரும். உலாவியில் கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதே பலன்தான். ஒன்றரை வருடம் இதையே செய்தேன், தலைவலி பாதியாகக் குறைந்தது. பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: 2019க்கு முந்தைய நோட்பேட், கோப்பைச் சேமிக்கும்போது நாம் மாற்றாவிட்டால் ஆன்சி என்ற, தமிழுக்கு இடமில்லாத பழைய குறியீட்டு முறையைத்தான் எடுத்துக்கொள்ளும். எழுத்து போய்விடும் என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டி வரும். அவசரத்தில் சரி என்று அழுத்தினேன். மறுநாள் திறந்தால் ஒரு நேர்காணல் முழுக்கக் கேள்விக்குறிகள்.

நோட்பேட் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை போனது ஒரு சிறுகதையால். கதையில் இரண்டு குரல். ஒன்று இப்போது நடப்பது, இன்னொன்று செத்துப்போன அக்கா பேசுவது. அக்கா பேசுவதை எல்லாம் எழுத்தாளர் சாய்வெழுத்தில் கொடுத்திருந்தார். நோட்பேட் அதைத் தின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை. வெளியான அன்று மாலை கதையை எழுதிய அம்மா அழைத்தார்.

"தம்பி, அக்கா எங்கப்பா?"

"எந்த அக்காம்மா?"

"கதையில இருந்த அக்கா. யார் பேசறதுன்னே தெரியாம எல்லாம் ஒண்ணா கெடக்கு."

கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் மெதுவாகத்தான் பேசினார். அன்று ராத்திரி உட்கார்ந்து அக்காவை ஒவ்வொரு வரியாகத் தேடிச் சாய்த்தேன். எழுத்தாளர் யோசித்துப் போட்டதும் மென்பொருள் தானாகப் போட்டதும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கின்றன. நோட்பேடுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்போதிருந்து நான் தேடியது இரண்டையும் பிரித்துத் தரும் வழியைத்தான்.

இடையில் சில இணையவழிச் சுத்திகரிப்புப் பக்கங்களையும் முயன்றேன். ஒட்டினால் அழுக்கு நீக்கித் தருவார்கள். வேலை செய்யும், ஆனால் இன்னும் வெளிவராத கதையை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வலைத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸின் தொகுதி எழுதி (பிளாக் எடிட்டர்) நிஜமாகவே நல்ல முன்னேற்றம். 2018 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பில் அதுவே இயல்பான எழுதியானது. வேர்டிலிருந்து நேராக ஒட்டினாலே உறைகளைப் பெரும்பாலும் உரித்துவிட்டு, தடித்த எழுத்தையும் சாய்வையும் வைத்துக்கொள்கிறது. சாதாரணக் கட்டுரைக்கு இது போதும், நோட்பேடே வேண்டாம்.

அடிக்குறிப்பு இருந்தால்தான் கதை வேறு. ஆய்வுக் கட்டுரையில் நாற்பது அடிக்குறிப்பு இருக்கும். நேராக ஒட்டும்போது எண்கள் இணைப்பாகத் தெரியும், அழுத்தினால் எங்கும் போகாது. இதற்குத்தான் மூன்று வருடமாக பான்டாக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இலவசம். ஜன்னல், பொத்தான் எதுவும் கிடையாது, கட்டளை வரியில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் வலைக்குரிய வடிவில் மாற்றித் தருகிறது. எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் உதிர்ந்துவிடும். தலைப்பு, சாய்வு, தடிப்பு, அடிக்குறிப்பு நிற்கும். எண்ணை அழுத்தினால் குறிப்புக்குப் போய், அங்கிருந்து திரும்பியும் வரலாம். முதல் முறை அதைப் பார்த்தபோது நாற்பதையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன், சும்மா சந்தோஷத்துக்கு.

குறைகளும் உண்டு. பழைய டாக் கோப்பை அது படிக்காது, லிப்ரே ஆபீஸில் திறந்து டாக்எக்ஸ் ஆகச் சேமித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, காலிப் பத்திகளைத் தூக்கி எறிந்துவிடும். கட்டுரைக்கு நல்லதுதான். கவிதைக்கு விஷம். நம் கவிஞர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு வரிக்கும் என்டர், கண்ணி முடிந்தால் இரண்டு என்டர் தட்டுபவர்கள். நேராக ஒட்டினால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகி ஊருக்கு ஒரு வரியாக நிற்கும். பான்டாக் வழியாகப் போனால் கண்ணிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி காணாமல் போகும்.

இதற்கு வேர்டிலேயே ஒரு கைவேலை வைத்திருக்கிறேன். கவிதையை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்டுபிடித்து மாற்றும் பெட்டியைத் திறந்து, முதலில் இரட்டைப் பத்திக் குறிகளை (என்டர் தட்டினால் விழுபவை) மூன்று நட்சத்திரமாக மாற்றுவேன். மிச்சமிருக்கும் ஒற்றைப் பத்திக் குறிகளை எல்லாம், பத்தி மாறாமல் வரி மட்டும் மாறும் வரிமுறிவாக மாற்றுவேன். கடைசியில் நட்சத்திரங்களைத் திரும்பப் பத்திக் குறியாக்கிவிடுவேன். வரிசை மாறினால் போச்சு, கவிதை முழுக்க ஒரே கண்ணி. அரை நிமிடம்கூட ஆகாது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்புகள். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் இருபது வருடம் பாமினியில் பழகிய விரல்களுக்கு அரசாணை எட்டவில்லை. பாமினியில் தமிழ் என்று நாம் பார்ப்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவின் முகமூடியைக் கழற்றினால் வெறும் ஆங்கில எழுத்துகள். அதனால் இங்கே நோட்பேட் வைத்தியம் நேர் எதிராக வேலை செய்கிறது. மற்ற கோப்புகளில் எழுத்துரு குப்பை. இங்கே அதுதான் ஆதாரம், எது தமிழ், எது ஆங்கிலம் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி. அதைக் கழற்றிவிட்டு, பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டால் எல்லாவற்றையும் தமிழாகவே எடுத்துக்கொள்கிறது. கணினி பற்றிய ஒரு கட்டுரையில் டேட்டா என்ற ஆங்கிலச் சொல் 'னயவய' என்று வந்திருந்தது. ஏதோ வட்டார வழக்கு என்று நினைத்து மெய்ப்புப் பார்த்தவரும் விட்டுவிட்டார்.

இப்போது மாற்றுவதற்கு முன்பே வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்து, பாமினி அல்லாத சொற்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் தனிக் கோப்பில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். மாற்றிய பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிப்பேன். சலிப்பான வேலைதான், வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மாற்றிய பிறகும் ஒரு பேய் மிச்சமிருக்கும். கௌரவம் என்பது சில சமயம் க, ஒற்றைக்கொம்பு, தனி ள என்று 'கெளரவம்' ஆக வந்துவிடும். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், தேடுபொறிக்கு வேறு சொல். எங்கள் தளத்திலேயே மௌனம் என்று தேடினால் ஐந்து கவிதை வரும், பத்து கவிதை வராது. ஒருநாள் உற்சாகத்தில் எல்லாக் 'கெள'வையும் ஒரே தட்டில் 'கௌ' ஆக மாற்றினேன். சரியாகத்தான் இருந்தது, ஆற்று மீன்களைப் பற்றிய கட்டுரையில் கெளுத்தி மீன் வரும்வரை. அதன் ளகரம் கொம்போடு கரைந்துபோய், உகரக் குறி மட்டும் ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டுரை முழுக்க முப்பது கெளுத்தி. இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றுகிறேன்.

படங்களைப் பற்றி ஒரே வார்த்தை: கோப்போடு சேர்த்து ஒட்டாதீர்கள். பல சமயம் அந்தப் படத்தின் முகவரி ஒட்டியவரின் கணினியைத்தான் காட்டும், வாசகருக்கு வெறும் கட்டம். நாங்கள் படங்களைத் தனியாக அனுப்பச் சொல்லிவிடுகிறோம்.

அட்டவணைக்கு மட்டும் ஆறு வருடத்தில் எந்த வழியும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒட்டினால் கைப்பேசியில் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. மூன்று நெடுவரிசைக்குள் இருந்தால் கையால் திரும்பக் கட்டுகிறேன். அதற்கு மேல் என்றால் எழுத்தாளரையே அழைத்து, இதை வாக்கியமாக எழுதித் தர முடியுமா என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் தந்துவிடுகிறார்கள்.