கடைத் தோட்டாவா, வீட்டில் நிரப்பியதா?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். 9 எம்.எம். என்ற பரவலான அளவுத் தோட்டா சுடுபவர் என்றால் கடையிலேயே வாங்கிவிடுங்கள் என்பேன். மொத்தமாக வாங்கினால் ஒன்று 25 சென்ட் அளவில் கிடைத்துவிடும். சுட்டுப்போட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து பிரைமர் (கூட்டின் அடியில் பொறி கிளப்பும் சிறு மூடி), வெடிமருந்து, முனையில் வைக்கும் குண்டு வாங்கி நிரப்பினால் ஐந்தாறு சென்ட்தான் மிஞ்சும். கருவிக்கு 500 டாலர் போட்டால், போட்ட காசை எடுக்கவே எட்டாயிரம், பத்தாயிரம் தோட்டா சுட வேண்டும். உட்கார்ந்து நிரப்பும் நேரம் வேறு.

44 மேக்னம் என்ற பெரிய ரிவால்வர் தோட்டா என்றால் கணக்கே வேறு. கடையில் ஒன்று ஒரு டாலரை நெருங்கும். வீட்டில் ஏறக்குறைய பாதியில் முடிந்துவிடும். ரிவால்வர் கூட்டை வெளியே எறிவதில்லை. அப்படியே உள்ளங்கையில் கொட்டிக்கொள்ளலாம், ஒன்றுகூடத் தொலையாது. அப்புறம், பயிற்சிக்குக் கொஞ்சம் மென்மையாக உதைக்கிற மாதிரியும் நிரப்பிக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பெரிய லாபம்.

ஆனால் பொறுமை இல்லாதவர் இதைத் தொடவே கூடாது. 38 ஸ்பெஷல் என்ற இன்னொரு ரிவால்வர் தோட்டாவின் கூட்டில் மருந்து அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். தவறி இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, துப்பாக்கிதான் சிதறும். 50 கூட்டையும் விளக்கடியில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்த பிறகே குண்டை வைக்கிறேன்.

தட்டுப்பாட்டுக்கு இது கைகொடுக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். 2020-21இல் தோட்டாவோடு சேர்த்து பிரைமரும் கடைகளில் காணாமல் போனது.