விரல் தசைநாணுக்குக் கொலாஜன் தூளா, ஜெலட்டினா, ஆட்டுக்கால் சூப்பா?

துரஹள்ளிப் பாறைகளில் விரல்நுனி மட்டுமே பதியும் விளிம்புகளைப் பற்றித் தொங்கிப் பழகியவர்களுக்கு, மோதிர விரலின் அடிப்பகுதியில் தோன்றும் வலி புதிதல்ல. விரலை மடக்கும் தசைநாணை எலும்போடு சேர்த்துப் பிடித்து வைக்கும் வளையங்களில், பெரும்பாலும் அங்கே அடிபடுவது ஏ2 என்னும் வளையம். பெங்களூரின் ஏறுசுவர்க் கூடங்களில் இவ்வலியைப் பற்றிப் பேச்செடுத்தால், யாராவது ஒருவர் கொலாஜன், அதாவது தசைநாண், தோல், எலும்பு ஆகியவற்றைக் கட்டும் புரதம், அடைத்த டப்பா ஒன்றைப் பரிந்துரைக்காமல் விடுவதில்லை. ஆனால் அந்த டப்பாவுக்குப் போட்டியாக ஜெலட்டின், ஆட்டுக்கால் சூப், பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரதம் ஆகிய மூன்றும் இருக்கின்றன.

இந்தப் பரிந்துரைகளுக்கு வேராக இருப்பது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கீத் பாரும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு. அதில் 8 ஆரோக்கியமான ஆண்கள் 15 கிராம் ஜெலட்டினை வைட்டமின் சி கலந்து குடித்து, ஒரு மணி நேரம் கழித்து 6 நிமிடம் ஸ்கிப்பிங் ஆடினர். கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் இரத்தக் குறியீடு ஏறத்தாழ இருமடங்கானது. எட்டே பேர், ஒரு இரத்தக் குறியீடு என்ற அளவில் நிற்கும் இச்சான்றை, அடிபட்ட விரல் குணமானதற்கான சான்றாக நீட்டிக்க முடியாது. டப்பா விற்பவர்கள் சொல்லாமல் விடும் இன்னொன்றும் உண்டு: அந்த ஆய்வில் கொடுக்கப்பட்டது ஜெலட்டின்தான்.

கொலாஜன் தூளும் ஜெலட்டினும் ஒரே மூலத்திலிருந்து, அதாவது விலங்குகளின் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து வருபவை. தூள் மேலும் சிறு துண்டுகளாக நொதிகளால் வெட்டப்பட்டிருப்பதால் குளிர்ந்த நீரிலும் கரைகிறது, ஜெலட்டினை வெந்நீரில் கரைக்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றிலொரு பங்கு கிளைசின். இரண்டும் குடலில் செரித்தே உடலுக்குள் சேர்கின்றன. எனவே தூளுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை பெரும்பாலும் வசதிக்கான விலை என்றே நான் கருதுகிறேன். வாங்குவோர் அளவையாவது கவனிக்க வேண்டும்: தோல் பொலிவுக்கென விற்கும் சிறு பொட்டலங்கள் பலவற்றில் 15 கிராமுக்கு அருகில்கூடக் கொலாஜன் இருப்பதில்லை. மூட்டு மாத்திரைகளில் வரும் 40 மில்லிகிராம் இரண்டாம் வகைக் கொலாஜன் குருத்தெலும்பை எண்ணிச் செய்யப்பட்டது. தசைநாண் முதல் வகைக் கொலாஜனால் ஆனது.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது, ஏனெனில் சிவாஜிநகரில் கால் வாங்கி வந்து மிளகு இடித்துப் போட்டுக் கொதிக்கவிடும் வீடு எங்களுடையதும்தான். ஆறியபின் கட்டியாக உறைவதே அதில் ஜெலட்டின் இருப்பதற்கு அடையாளம். ஆயினும் ஒவ்வொரு சட்டியிலும் அளவு மாறுகிறது. எலும்புச் சாறுகளை அளந்து பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வும், அவற்றை நம்பி அளவு குறிக்க இயலாது என்றே முடித்தது. ருசிக்காகக் குடிக்கலாம்.

வே புரதம் தசைக்கு நல்லது. கொலாஜனில் டிரிப்டோஃபான் என்னும் அவசியமான அமினோ அமிலம் இல்லாததால், அதை அன்றாடப் புரதக் கணக்கில் முழுமையாகச் சேர்ப்பது தவறு. பருப்பும் தயிரும் போதாத சைவ உணவுக்காரர், முதலில் அந்தக் குறையை வேயால் நிரப்புவதே முறை. அவர்களுக்குத் தாவரக் கொலாஜன் என்று எதுவும் கிடையாது. கடல்பாசியும் ஜெலட்டினைப் போல உறையும், ஆனால் அது மாவுச்சத்து இனத்தைச் சேர்ந்தது.

என் தேர்வு, ஜெலட்டின் 15 கிராமும் ஒரு கொய்யாவும். கொலாஜன் இழை முறுக்கேற வைட்டமின் சி தேவை; அதற்கு ஒரு கொய்யாவே தாராளம். அதைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, கால் தரையிலிருந்து எடுபடாமல் ஹேங்போர்டில் (விரல்களால் பற்றித் தொங்கிப் பழகும் பலகை) சுமார் 10 நிமிடம் இலேசான தொங்கல்கள் செய்கிறேன். இரத்த ஓட்டம் குறைந்த தசைநாணுக்குள் சத்து செல்வது, பாரம் ஏறி இறங்கும்போது திரவம் பிழிந்து உறிஞ்சப்படுவதால்தான் என்பது கீத் பாரின் விளக்கம். அடுத்த பாரத்துக்கு 6 மணி நேர இடைவெளி விடுகிறேன். ஏறும்போது விரலில் ‘டப்’ என்ற ஒலி கேட்டு வீக்கமும் கண்டவர்கள், இவற்றில் எதையும் வாங்குவதற்கு முன் கை மருத்துவரிடம் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும்.